சாவா மூவா ஆடுகளும் ஒரு பேட்டரியும்

எங்கள் ஃபிகோ மறைமலை நகர் ஆலையில் செய்த வண்டி. 2010 மார்ச்சில் ஃபோர்டு அந்த மாடலை வெளியிட்டது. அதே ஆண்டு டீசல் வண்டியாக எடுத்தோம். அப்போது மறைமலை நகரும் எங்கள் காஞ்சிபுரம் மாவட்டத்தில்தான் இருந்தது. செங்கல்பட்டு தனி மாவட்டமானது 2019 நவம்பரில். ஆக வண்டிக்கும் எனக்கும் சொந்த மாவட்டம் ஒன்றே.

2025இல் ஆர்.சி. பதினைந்து ஆண்டைத் தொட்டது. எஃப்.சி. காட்டி இன்னும் ஐந்தாண்டு நீட்டிக்கலாம். வண்டி ஓடும். காலையில் ஸ்டார்ட் செய்தால் கொஞ்சம் கறுப்பாகப் புகைவிட்டு, பிறகு தன் வேலையைப் பார்க்கும். ஓடுகிற வண்டியை ஏன் மாற்ற வேண்டும் என்று கேட்டால் என்னிடம் உருப்படியான பதில் இல்லை. டீசல் விலை ஒரு காரணம். பேரப்பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொள்வது இன்னொன்று.

*

2021 செப்டம்பர் 9 அன்று, இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்துவதாக ஃபோர்டு அறிவித்தது. அன்று மாலையே ஊரில் பார்த்தவர்கள் எல்லோரும் துக்கம் விசாரித்தார்கள். இனி ஸ்பேர் கிடைக்காது, வந்த விலைக்குத் தள்ளிவிடுங்கள் என்றார்கள். ஸ்பேர் கிடைத்தது. சர்வீஸ் தொடரும் என்று நிறுவனம் சொன்னது, தொடர்ந்தது. மறைமலை நகரிலிருந்து கடைசி வண்டி 2022 ஜூலையில் வெளியே வந்தது.

நான் போகும் இடத்தில் முன்பக்கக் கண்ணாடி ஷோரூமைக் காலி செய்துவிட்டார்கள். சோபா போயிற்று, காபி மெஷின் போயிற்று, கழுத்தில் டை கட்டிய பையன்கள் போனார்கள். பின்னாலிருந்த ஒர்க்ஷாப் மட்டும் மிஞ்சியது. பழைய ஆட்கள் நான்கைந்து பேர். எனக்கு இந்த வண்டிக்குக் கிடைத்த நல்ல சர்வீஸ் எல்லாம் அதற்குப் பிறகு கிடைத்ததுதான். இன்ஷூரன்ஸ் புதுப்பிக்கச் சொல்லவில்லை, டெஃப்லான் கோட்டிங் போடச் சொல்லவில்லை, எக்ஸ்சேஞ்ச் மேளா என்று போன் வரவில்லை. வண்டியைத் தூக்கினார்கள், அடியில் பார்த்தார்கள், சொன்னார்கள். விற்க ஒன்றும் இல்லாதபோது பேச்சு எவ்வளவு சுருங்கிவிடுகிறது!

*

அந்த ஃபிகோவின் அடுத்த தலைமுறை தயாரானது குஜராத்தின் சனந்த் ஆலையில். 2023 ஜனவரியில் அந்த ஆலை டாடாவின் மின்வாகன நிறுவனத்தின் கைக்குப் போய்விட்டது. மறைமலை நகரில் மறுபடி எஞ்சின் தயாரிக்கப் போவதாக 2025 அக்டோபர் கடைசியில் ஃபோர்டு அறிவித்திருக்கிறது, ஏற்றுமதிக்காம். நான் எஞ்சினை விட்டு இறங்கிய ஆண்டில் அங்கே எஞ்சின் திரும்பி வருவதாக அறிவிப்பு வந்தது.

*

மின் காருக்காக ஷோரூம் ஷோரூமாக ஏறி இறங்கினேன். உத்திரமேரூர் பக்கத்துத் திருப்புலிவனத்துக்காரனுக்கு ஒரு பக்கம் காஞ்சிபுரம், மறுபக்கம் செங்கல்பட்டு, இன்னும் போனால் சென்னைப் புறநகர். பெயர்கள் வேண்டாம்.

முதல் இடத்தில் உட்காரும் முன்பே, "லோனா சார், ரெடி கேஷா?" வண்டி நன்றாகத்தான் இருந்தது. நான் ஒன்றுதான் கேட்டேன்: ராத்திரியில் பெருநகர் ரோட்டில் நின்றுவிட்டால் யார் வருவார்கள்? இருபத்துநான்கு மணி நேர ரோட்சைட் அசிஸ்டன்ஸ் இருக்கிறது என்று மேனேஜர் ஒரு டோல் ஃப்ரீ எண்ணைக் காட்டினார். அந்த எண்ணை அங்கேயே போடச் சொன்னேன். எடுத்தவர் மரியாதையாகப் பேசினார். ஊர்ப் பெயரை எழுத்தெழுத்தாகச் சொல்லச் சொன்னார். சொன்னேன். பக்கத்தில் பெரிய லேண்ட்மார்க் என்ன என்றார். வியாக்ரபுரீஸ்வரர் கோயில் என்றேன். அதையும் எழுத்தெழுத்தாகச் சொல்ல வேண்டியிருந்தது. இழுவை வண்டி எங்கிருந்து வரும் என்பதை அவராலும் சொல்ல முடியவில்லை, மேனேஜராலும் சொல்ல முடியவில்லை.

இரண்டாவது இடத்தில் இருந்த பையன் உற்சாகமானவன். நமக்கு நிலம் இருக்கிறது என்று தெரிந்ததும் குரலைத் தாழ்த்தி, "பம்ப்செட் கரண்ட் ஃப்ரீதானே சார், அதுலயே போட்டுக்கலாமே" என்றான். விவசாய இணைப்பு தண்ணீர் இறைக்கத்தான். அதில் கார் ஏற்றினால் முறைகேடு, இணைப்பே போகும். அவனைத் திட்டத் தோன்றவில்லை. இருபத்திரண்டு வயதிருக்கும், அந்த மாத டார்கெட் அவன் முகத்தில் எழுதியிருந்தது. மின் வண்டிக்குச் சாலை வரி விலக்கு 2025 டிசம்பர் 31 வரை என்றிருந்ததால் எல்லா இடத்திலும் ஒரு பரபரப்பு. அந்த ஆண்டு செப்டம்பர் 22 முதல் சின்ன பெட்ரோல் கார்களுக்கு ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 ஆகிவிட்டது. மின் கார்களுக்கு 2019லிருந்தே 5தான், அதற்குமேல் இறங்க வழியில்லை. அதனால் பக்கத்து ஷோரூமுக்கு ஆள் போய்விடுவானோ என்கிற பயமும் சேர்ந்துகொண்டது.

மூன்றாவது இடம் சின்னது. ஒரு பெண் வந்தார். "உக்காருங்க சார். வீட்டுல எர்த் ஒழுங்கா இருக்குதா?"

விலை, கலர், லோன் எல்லாம் அதற்குப் பிறகுதான் வந்தது.

*

எர்த் இல்லையென்றால் சார்ஜர் சிவப்பு விளக்கைக் காட்டிவிட்டுச் சும்மா இருக்கும். கிராமத்து வீடுகளில் இதுதான் நிலைமை. மூன்று பின் சுவிட்ச்போர்டு இருக்கும், மூன்றாவது ஓட்டைக்குள் ஒன்றும் இருக்காது. எங்கள் வீட்டில் மிக்சியும் ஃபிரிட்ஜும் இத்தனை காலம் அப்படித்தான் ஓடின. அந்த ஷோரூமிலிருந்து எலக்ட்ரீஷியன் ஒருவர், நான் அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னாலேயே வந்தார். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே மீட்டரை வைத்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். தென்னை மரத்தடியில் குழி தோண்டி, குழாய் இறக்கி, கரியும் உப்பும் கொட்டி, மீட்டர் பெட்டியிலிருந்து தனியாகக் கனமான ஒயர் இழுத்து, பதினாறு ஆம்பியர் பிளக் வைத்தோம். வெயில் காலத்தில் குழிக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும். சாயங்காலம் எல்லோர் வீட்டிலும் ஏசியும் மோட்டாரும் ஓடும்போது வோல்டேஜ் தொங்கும், ராத்திரி பத்து மணிக்கு மேல் போடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

கிலோமீட்டருக்கு ஒரு ரூபாய்கூட ஆகாது என்று விளம்பரத்தில் போடுகிறார்கள். சின்ன மின் கார் ஒரு யூனிட்டுக்கு ஏழெட்டு கிலோமீட்டர் போகும். மாதம் ஆயிரம் கிலோமீட்டர் என்றால் இரண்டு மாத பில்லில் 270 யூனிட் போல கூடும். ஏற்கெனவே வீட்டுச் செலவு முந்நூறு நானூறு யூனிட்டாக இருந்தால் மொத்தம் 500ஐத் தாண்டும். தாண்டியதற்கு மேல் யூனிட்டுக்கு எட்டு ரூபாய்க்கும் அதிகம். கீழே உள்ள யூனிட்டுகளின் கணக்கும் மாறிவிடும். அப்போதும் டீசலைவிடக் குறைவுதான், சந்தேகமில்லை. ஆனால் இந்தக் கணக்கை எந்த ஷோரூமும் தானாகப் போட்டுக் காட்டவில்லை. மூன்றாவதும் காட்டவில்லை.

*

பேட்டரிக்கு எட்டு ஆண்டு அல்லது 1,60,000 கிலோமீட்டர் உத்தரவாதம் என்பது இப்போது பல நிறுவனங்கள் சொல்வது. கார் விலையில் பெரிய பங்கு அந்த ஒரு பொருளுக்குத்தான். அது நான் அந்த மூன்றாவது இடத்தில் எடுத்த வண்டிக்கு அடியில், கண்ணுக்குத் தெரியாமல் கிடக்கிறது. எட்டு ஆண்டு என்று எழுதிக் கொடுத்தவர்கள் எட்டு ஆண்டு இருப்பார்களா?

உத்திரமேரூர்ப் பக்கம் என்றாலே குடவோலை என்பார்கள். எனக்கு நினைவு வருவது விளக்குக் கல்வெட்டுகள். சோழர் காலத்தில் ஒரு நந்தா விளக்கு எரிய 90 அல்லது 96 ஆடுகளைக் கொடுப்பார்கள். சாவா மூவாப் பேராடு என்று கல்லில் வெட்டுவார்கள். ஆடு சாகும், கிழடாகும், அது எல்லோருக்கும் தெரியும். மந்தையின் எண்ணிக்கை குறையாமல் பார்த்துக்கொள்வதும், நாள்தோறும் உழக்கு நெய் அளப்பதும் ஆட்டை வாங்கிக்கொண்ட இடையரின் பொறுப்பு. தஞ்சைப் பெரிய கோயிலில் அந்த இடையர்களின் பெயரோடு, அவர்களுக்காகப் பொறுப்பேற்கும் உறவினர் பெயர்களையும் வரிசையாக வெட்டியிருக்கிறார்கள். யார் இல்லாவிட்டால் யார் என்பதுவரை எழுதியிருக்கிறது.

என் வாரன்ட்டி புத்தகத்தைப் புரட்டினேன். எது எதற்குப் பொருந்தாது என்பதற்கே பல பக்கங்கள். ஆள் பெயர் ஒன்றுகூட இல்லை. எர்த் பற்றிக் கேட்ட அந்தப் பெண் நான் வண்டி எடுத்த கொஞ்ச நாளில் வேறு நிறுவனத்துக்குப் போய்விட்டார். அவர் எண்ணுக்கு அடித்தால் இன்னமும் எடுக்கிறார். யாரிடம் பேச வேண்டும் என்று சொல்கிறார். அது நிறுவனத்தின் சர்வீஸில் சேருமா என்று தெரியவில்லை.

*

உத்திரமேரூர் மெக்கானிக்கிடம் புது வண்டியைக் காட்டினேன். பானெட்டைத் திறந்து வெகுநேரம் பார்த்தார். எஞ்சின் ஆயில் இல்லை, ஆயில் ஃபில்டர் இல்லை, கிளச் பிளேட் இல்லை, டைமிங் பெல்ட் இல்லை. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தாலே மோட்டார் வேகத்தைப் பிடித்து பேட்டரிக்குத் திருப்புவதால் பிரேக் பேடும் சீக்கிரம் தேயாது. ஆரஞ்சு நிற ஒயர்களைச் சுட்டி, "இதைத் தொட்டா ஆள் காலி, இல்ல சார்?" என்றார். ஆமாம், முந்நூறு வோல்ட்டுக்கு மேல். "அப்ப டயரும் வாஷிங்கும்தான் நமக்கு" என்று மூடினார்.

அவர் சொன்னது ஷோரூம்காரர்களுக்கும் பொருந்தும். கார் விற்பதில் டீலருக்கு நிற்பது கொஞ்சம். சர்வீஸிலும் ஸ்பேரிலும் இன்ஷூரன்ஸிலும்தான் கடை ஓடுகிறது. ஆயில் மாற்றாத வண்டியை மனமார யார் விற்பார்கள்? முதல் சர்வீஸுக்குப் போனபோது ஏசி ஃபில்டர், கூலன்ட், டயர் பார்த்தார்கள், லேப்டாப்பைச் சொருகி சாஃப்ட்வேர் ஏற்றினார்கள். பிறகு, அடிப்பாகத்துக்குத் துருப்பிடிக்காத கோட்டிங் போடலாமா என்று கேட்டார்கள்.

*

ஃபிகோவை எக்ஸ்சேஞ்சில் இரும்பு விலைக்குக் கேட்டார்கள். கொடுக்கவில்லை. மானாம்பதிப் பக்கத்து மேஸ்திரி ஒருவர் வந்தார், எஃப்.சி.யை நானே எடுத்துக்கொள்கிறேன் என்றார். ஓட்டிப் பார்த்தார். புகையைப் பார்த்து ஒன்றும் சொல்லவில்லை. "எங்க சார் சர்வீஸ் வுடுவீங்க?" என்றுதான் முதலில் கேட்டார். கம்பெனி ஒர்க்ஷாப் எண்ணையும் உத்திரமேரூர் மெக்கானிக் எண்ணையும் சொன்னேன். இரண்டாவதை மட்டும் போனில் ஏற்றிக்கொண்டு, விலை பேச ஆரம்பித்தார்.