இணைக்கும் வேலை யாருடையது?

ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு போன்ற வளர்ச்சிசார் குறைபாடுகளோடு வாழ்பவர்களுக்கு அரசு ஒன்றுமே செய்யவில்லை என்று இன்று தமிழ்நாட்டில் யாரும் சொல்லிவிட முடியாது. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத்தோடு சேர்ந்து, தகுதியுள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை மருத்துவமனைச் செலவை ஏற்கிறது. 1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின் வழியே வந்த நிராமயா மருத்துவக் காப்பீட்டுத் திட்டம், ஆளுக்கு ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை தருகிறது. அரசு மருத்துவமனையில் மாத்திரை இலவசம். பராமரிப்பு உதவித்தொகை தனி. ஒவ்வொன்றையும் தனியே எடுத்துப் பார்த்தால் நல்ல திட்டம்தான். ஆனால் ஒரே உடம்புக்கு இத்தனை வாசல்கள். ஒரு வாசலில் இருப்பவருக்கு அடுத்த வாசலில் என்ன நடக்கிறது என்று தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டிய கட்டாயமும் இல்லை.

மூளை முடக்குவாதமும் வலிப்பும் சேர்ந்தே இருக்கும் ஒருவரை எடுத்துக்கொள்ளலாம். அப்படிச் சேர்ந்து வருவது அபூர்வமல்ல. தசை இறுகி மூட்டு மடங்கிப்போய் அறுவை சிகிச்சை வரை போனால் காப்பீட்டு அட்டை செல்லும். அந்த இறுக்கத்தைத் தள்ளிப்போட வாராவாரம் செய்துகொள்ள வேண்டிய பிசியோதெரபிக்கு அந்த அட்டையை நம்ப முடியாது. மருத்துவமனையில் சேர்ந்து படுப்பவரை மனதில் வைத்து எழுதப்பட்ட திட்டம் அது. நிராமயாவில் தெரபிக்கு இடமுண்டு, அதற்கென்று ஓர் உள்வரம்போடு. ஆனால் முதலில் கைக்காசைக் கட்டிவிட்டு, பில்லையும் மருத்துவர் சீட்டையும் அனுப்பி, பிறகு பணத்தைத் திரும்பப் பெற வேண்டும். முன்பணம் புரட்ட முடியாத வீட்டில் அந்த 1 லட்சம் காகிதத்தில் மட்டுமே இருக்கும்.

பல்வலி இன்னும் சிக்கல். வலிக்கிறது என்று சொல்லத் தெரியாதவர் தலையைச் சுவரில் மோதிக்கொள்கிறார். பார்ப்பவர்கள் அதைக் குறைபாட்டின் குணம் என்று எழுதிவிடுகிறார்கள். பல்தான் காரணம் என்று கண்டுபிடித்த பிறகும், நாற்காலியில் வாயைத் திறந்து உட்கார முடியாதவருக்கு மயக்கம் கொடுத்துத்தான் பல்லைப் பிடுங்க வேண்டியிருக்கும். பல் மருத்துவர், மயக்க மருந்து கொடுப்பவர், வலிப்புக்கு மாத்திரை எழுதுபவர் என்று மூன்று பேர் கலந்து பேச வேண்டும். அவர்களைப் பேசவைக்கும் வேலைக்கு யாரும் பில் போட முடியாது. பில் இல்லாத வேலையை வீட்டில் ஒருவர் செய்கிறார். பெரும்பாலும் அது அம்மா.

இது அம்மா செய்ய வேண்டியதா? அறக் கேள்வி இதுதான். சாமர்த்தியமான தாய் ஒருத்தி இதையெல்லாம் இழுத்துக் கட்டிச் சமாளித்துவிடுகிறாள் என்பது பதில் ஆகாது. சமாளிப்பவளைப் பாராட்டுவதில் நம் சமூகம் தாராளமானது. அந்தப் பாராட்டே அவளை அரசுக்குக் கூலியில்லாத ஆளாக்கிவிடுகிறது.

மறுபக்க நியாயத்தையும் கேட்க வேண்டும். பொதுப்பணம் கணக்கில்லாமல் போகக்கூடாது. போலிப் பில்கள் உண்டு, இல்லாத தெரபி மையங்களின் சீட்டும் உண்டாகலாம். சான்று கேட்பது அதிகாரியின் வன்மமல்ல, கடமை. பிள்ளையை அன்றாடம் அறிந்தவர் பெற்றோர் என்பதும் உண்மை. ஆனால் அறிந்திருப்பது வேறு, அலைவது வேறு. அரசு மருத்துவக் குழு பார்த்துச் சான்றளித்து, தனித்துவ அடையாள அட்டையும் கொடுத்த பிறகு, அதே குறைபாட்டுக்கு அடுத்த அலுவலகம் மறுபடி ஜெராக்ஸ் கேட்பதில் எந்தப் பொதுப்பணமும் காப்பாற்றப்படுவதில்லை. ஆதாரம் அரசின் கையிலேயே இருக்கிறது. தன் கையில் இருப்பதை எதிரே நிற்பவரிடம் கேட்பது சரிபார்ப்பல்ல. பிரித்து வைத்தவர் யாரோ, சேர்க்கும் கடமையும் அவருடையதே.

அப்படியானால் எல்லாவற்றையும் ஒருவர் கையில் கொடுத்துவிடலாமா? கலிஃபோர்னியாவில் 1969-இல் வளர்ச்சிசார் குறைபாடுள்ளோருக்கான லேண்டர்மன் சட்டம் வந்தது. அதன் கீழ் இயங்கும் 21 வட்டார மையங்களில், பதிவுபெற்ற ஒவ்வொருவருக்கும் ஓர் ஒருங்கிணைப்பாளர் உண்டு. பொறாமைப்பட வேண்டிய ஏற்பாடு. ஆனால் அந்த மையம் கடைசியாகப் பணம் தரும் இடம். வேறு காப்பீடு எதுவும் தராது என்று ஆன பிறகே அது செலவை ஏற்கும். அதனால் மருத்துவச் செலவு கேட்டுப் போகிறவர்கள், காப்பீட்டு நிறுவனம் மறுத்ததற்கான சான்றை முதலில் வாங்கிவர வேண்டியிருக்கிறது. வழிகாட்ட வேண்டியவரே பணப்பெட்டிக்கும் காவல் இருந்தால், அவர் யாருடைய ஆள்? சேர்த்துவைக்கும் பொறுப்பையும் செலவை மட்டுப்படுத்தும் பொறுப்பையும் ஒரே நாற்காலியில் உட்காரவைப்பதில் இருக்கும் ஆபத்தை நாம் அங்கே பார்த்துக்கொள்ளலாம்.

இதைவிடக் கனமான கேள்வி ஒன்று 18 வயதில் காத்திருக்கிறது. அந்த வயதோடு சட்டப்படி பெற்றோரின் இயல்பான பாதுகாவல் முடிகிறது. வங்கியிலும் அலுவலகத்திலும் கையெழுத்து யார் என்று கேட்கிறார்கள். 1999-இன் சட்டப்படி மாவட்ட ஆட்சியர் தலைமையில் இயங்கும் உள்ளூர் குழுவிடம் விண்ணப்பித்துப் பாதுகாவலர் சான்று வாங்கிவரச் சொல்கிறார்கள். வாங்கிவிட்டால் கோப்பு நகரும், பணம் வரும், எல்லாருக்கும் நிம்மதி. ஆனால் அந்தக் காகிதத்தால் ஒரு முழு மனிதர் தன் முடிவுகளை இன்னொருவர் பெயருக்கு எழுதிக் கொடுத்தவராகிறார். மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கையை இந்தியா 2007-இல் ஏற்றது. சட்டத்தின் முன் எல்லாருக்கும் சமமான தகுதி உண்டு என்கிறது அதன் 12-ஆவது பிரிவு. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் முழுப் பாதுகாவலை விட்டு, இருவரும் கலந்து முடிவெடுக்கும் வரம்புக்குட்பட்ட பாதுகாவல் பக்கம் நகர்ந்தது. 1999-இன் சட்டமும் 2016-இன் சட்டமும் ஒரே ஆளைப் பற்றி இரண்டு விதமாக நினைக்கின்றன. நடுவில் மாட்டிக்கொள்பவர், எந்த மருத்துவரைப் பிடிக்கும், எந்த ஊசிக்குப் பயம் என்று தன் வழியில் தெளிவாகவே சொல்லக்கூடியவராக இருக்கலாம். பாதுகாவலர் தேவைப்படுவோர் உண்டு, மறுப்பதற்கில்லை. தேவையை முடிவுசெய்ய வேண்டியது அவர் வாழ்க்கை. காப்பீட்டுப் படிவத்தின் ஒரு கட்டம் அதை முடிவுசெய்தால், ஆயிரங்களுக்காக ஓர் ஆளின் ஆள்தன்மையை அடகு கேட்பது போலாகிவிடும்.

வருமான வரம்பிலும், ஆளைத் தனி ஆளாகப் பார்க்காத இதே சிந்தனைதான் மறைந்திருக்கிறது. 2016-இன் சட்டம் அருகிலேயே இலவச மருத்துவம் என்று சொல்லிவிட்டு, குடும்ப வருமானத்துக்கு உட்பட்டு என்று ஒரு வால் சேர்க்கிறது. 40 வயது மனிதரின் உரிமையை அவர் அப்பாவின் ஓய்வூதியம் அளக்கிறது. 2024-இல் ஆயுஷ்மான் பாரத் 70 வயது நிறைந்தவர்களுக்கு வருமானம் பார்க்காமல் திறந்தது; முதுமைக்குச் செய்ய முடிந்ததை இவர்களுக்குச் செய்ய முடியாது என்று சொல்ல எந்தத் தத்துவமும் கைகொடுக்காது. இந்த ஒரு விஷயத்தில் சின்னத் திட்டமான நிராமயா பெரிய திட்டங்களைவிட நேர்மையானது. வருமான வரம்பில்லை, வயது வரம்பில்லை, சேர்வதற்கு முன் மருத்துவப் பரிசோதனை இல்லை, ஏற்கெனவே இருக்கும் குறைபாட்டைக் காட்டி விலக்குவதும் இல்லை. குடும்பத்தைப் பார்க்காமல் ஆளைப் பார்க்கிறது. வறுமைக்கோட்டுக்கு மேலே இருப்பவர் கட்டணம் சற்று அதிகம் கட்டுகிறார், அவ்வளவுதான். தொகை பெரிதாகவும் கொள்கை இப்படியாகவும் இருந்திருந்தால் பாதிச் சிக்கல் தீர்ந்திருக்கும்.

ஆனால் நிராமயாவை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். குறைபாடு வாழ்நாள் முழுவதும் இருப்பது, பாதுகாப்புக்கு மட்டும் ஆண்டுக் கெடு. தேதியை நினைவில் வைத்திருந்தவர் இறந்துபோனால் அட்டை காலாவதியாகும், வீட்டில் எஞ்சியிருப்பவருக்கு அது தெரியவும் போவதில்லை. அரசு வீடு தேடி வர முடியாததாலா இது? 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் ரத்த அழுத்தம், சர்க்கரைக்கான மாத்திரைகள் வாசலுக்கே வருகின்றன. படுக்கையில் இருப்பவருக்கு பிசியோதெரபியும் வீட்டிலேயே கிடைக்கிறது. பாட்டிக்கு மாத்திரை கொடுக்க வரும் ஊழியரின் பதிவேட்டில், அதே வீட்டுப் பேரனின் நிராமயா தேதிக்கும் அவன் வலிப்பு மாத்திரைக்கும் ஒரு பத்தி சேர்க்கலாம். அதைப் பார்ப்பதை அவருடைய வேலையாக எழுதி, அதற்குச் சம்பளமும் கொடுக்கலாம்.