எத்தனை மைக்ரான் வரை?

பழைய காரைப் பளபளப்பாக்குவது என்றால் அதன்மேல் எதையோ பூசுவது என்றுதான் நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். நடப்பது நேர்மாறு. ரப்பிங் காம்பவுண்டுக்குள் இருப்பவை மிக நுண்ணிய, கடினமான துகள்கள். அவை பெயின்ட்டின் மேற்பரப்பைச் சீவி எடுக்கின்றன. ஒரு கீறலைப் போக்குவது என்றால், கீறலின் அடிமட்டம் வரை சுற்றியிருக்கும் நல்ல பெயின்ட்டை இறக்குவது. இன்றைய கார்களில் மொத்தப் பெயின்ட் அடுக்கே பெரும்பாலும் 100 முதல் 150 மைக்ரான்தான். ஒரு தலைமுடி ஏறத்தாழ 70 மைக்ரான். இரண்டு முடி தடிமனுக்குள் காரின் மொத்த அழகும் அடங்கிவிடுகிறது. ஒவ்வொரு முறை மெஷின் வைக்கும்போதும் அதில் கொஞ்சம் போகும். போனது திரும்பாது.

அப்படியென்றால் இது வெறும் அழகு விஷயம் இல்லை. ஒன்றை அழகாக்குவதற்காக அதிலிருந்து எவ்வளவு எடுக்கலாம்? யாரைக் கேட்டு எடுப்பது?

ஏற்காட்டில் இந்தக் கேள்விக்கு அவகாசம் குறைவு. சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி, சுமார் 1,500 மீட்டர் உயரத்துக்குப் போனால், காரைக் கெடுக்க வெயிலோடு ஈரமும் சேர்ந்துகொள்கிறது. சில்வர் ஓக் மரத்தடியில் நிறுத்திய வண்டி இரண்டு மழைக்காலம் பார்த்தால் கண்ணாடி ரப்பர் ஓரமெல்லாம் பாசி கட்டிவிடும். போட்டோவுக்கு அது அழகு. ஆனால் பாசி ஈரத்தைப் பிடித்து வைக்கிறது. ஈரம் தகரத்தைத் தின்கிறது.

அங்கே ஒரு காபித் தோட்டத்து ஷெட்டில் நண்பரின் அப்பா வாங்கிய அம்பாசிடர் ஒன்று நிற்கிறது. மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டின் வடிவத்தை அப்படியே வாங்கி, 1950களின் இறுதியிலிருந்து 2014 வரை உத்தர்பாராவில் செய்த வண்டி. இதன் பெயின்ட்டுக்கு மேல் தனியாகக் கண்ணாடிபோன்ற கிளியர் கோட் கிடையாது. வெயிலில் பெயின்ட்டின் பிசின் சிதைந்து, நிறத்தூள் மட்டும் வெளியே நிற்கும். விரலால் தொட்டால் சாக்பீஸ்போல ஒட்டும். துணியால் தேய்த்தால் காரின் நிறமே துணிக்கு வந்துவிடும். கழிப்பதைக் கண்ணால் பார்க்கலாம்.

டிரைவர் பக்கக் கதவின் மேல்விளிம்பில் ஓரிடத்தில் பெயின்ட் முழுதாகத் தேய்ந்து தகரம் தெரிகிறது. முப்பது வருஷம் இந்த வண்டியை ஓட்டியவரின் முழங்கை வைத்த தடம். "இதை மட்டும் தொடாதே, இதுதான் இந்தக் காரின் சரித்திரம்" என்று நண்பரிடம் சொன்னேன். ஓட்டியவரும் பக்கத்தில்தான் நின்றிருந்தார்.

"என் முழங்கை தேஞ்ச எடம்தான் தம்பி. ஆனா நான் ஓட்டுறப்ப அதுல துரு கெடையாதே. தெனம் காலையில பனியன் துணியால தொடச்சு, மெழுகு வெப்பேன். இப்ப அப்படியே விட்டீங்கன்னா தண்ணி எறங்கிக் கதவே போயிரும்."

இதற்கு என்னிடம் பதில் இல்லை. எனக்குச் சரித்திரமாகத் தெரிந்தது அவருக்குக் கவனிக்காமல் விட்டதாகத் தெரிந்தது. யோசித்தால் அவர் பக்கம்தான் நியாயம் அதிகம். முழங்கைத் தடம் அவர் அறியாமல் விழுந்தது. பளபளப்போ தினமும் அவர் கைப்பட உண்டாக்கியது. பாசியையும் மங்கலையும் "காலத்தின் அழகு" என்று ரசிக்கிறவர்கள் பெரும்பாலும் அந்த வண்டியைத் துடைக்க வேண்டியிராதவர்கள். பழமையை மதிக்கிறேன் என்று சொல்லி ஒன்றைச் சும்மா விட்டுவிடுவது பல நேரம் சோம்பலுக்கு நாம் வைக்கும் நல்ல பெயர்.

அதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு தேய்த்துவிடலாம் என்றும் இல்லை. தமிழ்நாட்டுக் கோயில்களில் திருப்பணியின்போது சுண்ணாம்பையும் எண்ணெய்ப் பிசுக்கையும் நீக்க, காற்றழுத்தத்தில் மணலைப் பீய்ச்சி அடித்தார்கள். கல் பளிச்சென்று வந்தது; கூடவே கல்வெட்டு எழுத்துகளும் சிற்பத்தின் நுணுக்கங்களும் மழுங்கின. எதிர்ப்பு வலுத்த பிறகுதான் அந்த முறைக்குத் தடை வந்தது. செய்தவர்களுக்குக் கோயில்மேல் பகை ஒன்றுமில்லை. சுத்தமாக இருக்க வேண்டும் என்ற நல்லெண்ணம்தான். எது அழுக்கு, எது எழுத்து என்று மணலுக்குத் தெரியாது. பஃபிங் மெஷினுக்கும் தெரியாது.

பழைய வாகனங்களுக்கான சர்வதேசக் கூட்டமைப்பான ஃபிவா, நினைவுச் சின்னங்களுக்கான 1964 வெனிஸ் சாசனத்தை ஒட்டித் துரின் சாசனம் என்று ஒன்றை வைத்திருக்கிறது. இருப்பதைக் காப்பது வேறு, இழந்ததை மீட்டுக் கட்டுவது வேறு என்று அது பிரித்துப் பேசுகிறது. நம் ஊர் ஒர்க்‌ஷாப்பில் இரண்டுக்கும் ஒரே வார்த்தை: "புதுசு மாதிரி பண்ணிரலாம் சார்." அந்த "மாதிரி"யில்தான் சிக்கல். விற்பதற்காகத் துருமேல் பட்டி போட்டுப் பெயின்ட் அடித்தால், வாங்குகிறவரின் கண்ணை நாம் ஏமாற்றுகிறோம். அடியில் துரு தன் வேலையைத் தொடர்கிறது.

சேர்வராயன் மலையையும் இதில் சேர்த்துப் பார்க்கலாம். பாலிஷ் பசைகளில் அதிகம் பயன்படுவது அலுமினியம் ஆக்சைடு. அதற்கு மூலம் பாக்சைட். மழையும் வெயிலும் பாறையை லட்சக்கணக்கான ஆண்டுகள் கரைத்து அரித்தபின் மிஞ்சுவதுதான் பாக்சைட். இந்த மலையின் உச்சிகளில் அது இருக்கிறது. மேட்டூரின் மால்கோ ஆலைக்காக வெட்டியும் எடுத்தார்கள். காலம் பாறையைத் தேய்த்து மிச்சம் வைத்ததை எடுத்து, காலம் காரில் விட்டுப்போனதைத் தேய்க்கிறோம். பளபளப்புக்காகக் கழிபடுவது கார் மட்டும் இல்லை.

எனக்குப் பிடிபட்ட அளவுகோல் ஒன்றுதான். பொருளைத் தின்பது எது, நம் கண்ணை மட்டும் உறுத்துவது எது என்று முதலில் பிரிக்க வேண்டும். பாசி, துரு, சக்கர வளைவுக்குள் அடைந்த சேறு இவையெல்லாம் தின்பவை. தயங்காமல் எடுக்கலாம். மெல்லிய கீறலும் மங்கிய நிறமும் உறுத்துபவை. அங்கே கையை இழுத்துப் பிடிக்க வேண்டும். முழங்கைத் தடத்தில் துருவை மட்டும் உப்புத்தாளால் எடுத்து, வெறும் தகரத்தின்மேல் லேக்கர் பூசினால் தடமும் இருக்கும், கதவும் இருக்கும். மீதி வண்டிக்கு, ஷோரூம் பளபளப்பு வேண்டாம். தினமும் துடைத்த ஒரு மனிதரின் கையில் அது எப்படி இருந்ததோ அதுவரை போதும். அதற்கு மேல் தேய்க்கும் ஒவ்வொரு மைக்ரானும் நம் ஆசைக்காக, அடுத்து அந்த வண்டியைத் துடைக்கப்போகிறவரின் பங்கிலிருந்து எடுப்பது.