சொல்லாமல் மறைத்த ரத்தம்



சிறுநீரகக் கல்லுக்காக முதுகில் துளைபோட்டு எனக்கு ஆபரேஷன் செய்தார்கள். கல் போயிற்று, சபையில் சாட்சியும் சொன்னேன். பத்தாம் நாள் சிறுநீரில் ரத்தம் போயிற்று. "சாட்சி சொன்ன வாயால இதை எப்படிச் சொல்றது?" என்று வெட்கப்பட்டு, மனைவியிடமும் மறைத்து, உபவாசம் என்று அறைக்கதவைச் சாத்திக்கொண்டேன். மறுநாள் ரத்தம் கட்டிகட்டியாக வந்தது, தலைசுற்றி விழுந்தேன்.

டாக்டர் சொன்னார்: "ஐயா, சில நாள் சிறுநீர் இளஞ்சிவப்பா போறது சகஜம். ஆனா நூற்றுக்கு ஏறக்குறைய ஒருத்தருக்கு, சிறுநீரகத்துக்குள்ளே காயப்பட்ட ரத்தக்குழாய் பலூன் மாதிரி புடைச்சு, ரெண்டு மூணு வாரத்துக்குள்ளே உடைஞ்சிடும். ஏன் உடனே வரல?"

ரத்தம் ஏற்றினார்கள். தொடை இடுக்கு வழியாக மெல்லிய குழாயைச் செலுத்தி, சின்னக் கம்பிச்சுருளால் உடைந்த இடத்தை அடைத்தார்கள். சிறுநீரகமும் தப்பியது, நானும் பிழைத்தேன்.

பெரும்பாடுள்ள ஸ்திரீயை நினைத்துப் பாருங்கள். 12 வருஷ வியாதி. மறைவாகத் தொட்டவள்தான், ஆனாலும் ஆண்டவர் கேட்டபோது, அத்தனை ஜனத்துக்கு முன்பாக நடுங்கிக்கொண்டே எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். நானோ வாய் திறக்கவில்லை. அதை விசுவாசம் என்று நினைத்தேன், அது பெருமை.

பிரியமானவர்களே, கல் ஆபரேஷன் முடிந்தவர்கள் சிவந்த ரத்தம், ரத்தக்கட்டி, நீரடைப்பு, மயக்கம் கண்டால் அந்த நேரமே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் ஆபரேஷனுக்கு முன்பே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். போகிற வழியிலும் ஜெபிக்கலாம், ஆண்டவர் கேட்பார். ஆமென்.