தடமும் பழியும்

குற்றத்தின் தடத்தைக் கண்டவர் குற்றவாளியையும் கண்டவராவாரா? பழமையான இவ்வறவியல் வினா, கணினி வலைப்பின்னல்களின் காலத்திற் புதிய கூர்மை பெற்றுள்ளது.

பேசாலை, தலைமன்னார்க் கடற்றொழிலாளர் இவ்வினாவை நன்கறிவர். இரவிற் கடலெல்லையைக் கடந்துவரும் இழுவைப் படகுகள் அவர்தம் வலைகளை அறுத்துச் செல்கின்றன. அடிமட்ட இழுவைமடி முறையை இலங்கை 2017இற் சட்டத்தால் தடைசெய்தது. ஆயினும், கடலிற் பிடிபடுவோர் பெரும்பாலும் கூலித் தொழிலாளரே. இலாபம் பெறும் படகுடைமையாளர் கரையிலிருக்கின்றார். பிடிபட்ட கை வேறு, ஏவிய கை வேறு.

சேவை மறுப்புத் தாக்குதலிலும் நிலைமை இதுவே. ஒரு கணினி தாங்கவியலாத அளவுக்கு வேண்டுகோள்களைக் குவித்து அதனை முடக்குவதே இத்தாக்குதலாகும். ஒவ்வொரு தரவுப் பொதியும் அனுப்புநர் முகவரியைத் தாங்கி வருகின்றது. அதனை எழுதுவதோ அனுப்பும் கணினியே. இடைவழிக் கருவிகள் பொதுவாகச் சேருமிடத்தையே நோக்குகின்றன. புறப்பட்ட இடம் மெய்யா என வினவுவதில்லை. பொய்ம்முகவரியைத் தள்ளிவிட்டுப் பின்னோக்கித் தேடினும், இறுதியிற் கிடைப்பது உடையவர் அறியாமலே பிறர் வசப்பட்ட கணினியாகவே பெரும்பாலும் அமைகின்றது. 2000 பெப்ரவரியில் யாகூ, சி.என்.என். முதலிய தளங்களை முடக்கியவன் கனடாவைச் சேர்ந்த 15 வயதுச் சிறுவன். அவன் கைக்கருவிகளாக்கிய கணினிகளுள் பல்கலைக்கழகங்களுக்கு உரியனவும் இருந்தன.

பெயர் கூறப்பட்டிருப்பின் ஐயம் நீங்கிவிடுமா? 1997–98 காலப்பகுதியில் இலங்கைத் தூதரகங்களுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 800 மின்னஞ்சல்கள் இரு வாரங்களாகக் குவிந்தன என்பர். அவை ‘இணையக் கரும்புலிகள்’ என்னும் பெயரைத் தாங்கியிருந்தன. எனினும், பெயரை எவரும் எழுதலாம். அது உரிமைகோரலேயன்றித் தனித்துச் சான்றாகாது. 1979இற் பயங்கரவாதத் தடைச் சட்டம் வந்தபின்னர், பெயரும் முகவரியுமே ஐயத்துக்கு ஏதுவான கொடுமையை வடபுலத்தார் அனுபவித்தவர்கள். தடத்தைத் தீர்ப்பாகக் கொள்வதன் விலையை அவர்களுக்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை.

அங்ஙனமாயின், வசப்பட்ட கணினியின் உடைமையாளருக்குப் பொறுப்பே இல்லையா? உண்டு, ஆனால் அது குற்றவாளியின் பொறுப்பன்று, காவலனின் பொறுப்பு. தத்தம் வலைப்பின்னலுக்கு உரியதல்லாத முகவரியுடன் வெளிச்செல்லும் பொதிகளை வாயிலிலேயே தடுத்தல் வேண்டுமென இணையப் பொறியியலாளர் 2000இற் பரிந்துரைத்தனர். இக்காவலின் பயன் காப்பவருக்கன்றி, முகமறியாத அயலாருக்கே பெரிதும் சேர்கின்றது. பலர் இதனைப் புறக்கணிப்பதற்கு அதுவே காரணம். இதனை அறக்கடமை என்பதற்கும் அதுவே காரணம்.

கவனமின்மைக்குக் கண்டனமும் தீச்செயலுக்குத் தண்டனையும் உரியன. இவ்விரண்டையும் ஒன்றாக்குமிடத்து, கைக்கு எட்டியவர் தண்டிக்கப்படுவர். ஏவியவர் கரையிலேயே இருப்பர்.