படச்சுருளும் கொல்லாமையும்

ஒரு பொருளைப் பயன்படுத்துகின்றவன், அப்பொருள் உருவாவதற்கு முன் நிகழ்ந்த கொலையில் எவ்வளவு பங்குடையவன்? உணவைப் பற்றி இவ்வினா எழும்போது நம் இல்லங்களில் விடை ஆயத்தமாக உள்ளது. புகைப்படக் கருவியைப் பற்றி எழும்போது அவ்வாறு இல்லை. இந்நாளில் இளைஞர் பலர் தந்தையர் காலத்துக் கேமராக்களைப் பெட்டியிலிருந்து எடுத்துப் பழுது நீக்கி, புதிய படச்சுருளிட்டுப் படம் பிடிக்க விரும்புகின்றனர். ஆதலின் இதனை ஆராய்தல் வேண்டும்.

படச்சுருள் என்பது பிளாஸ்டிக் பட்டையின்மீது பூசப்பட்ட மெல்லிய படலம். ஒளியை ஏற்கும் வெள்ளி உப்பின் துகள்களை அதில் பிடித்து நிறுத்தும் பசை ஜெலட்டின். அது மாட்டெலும்பிலிருந்தும் தோலிலிருந்தும் எடுக்கப்படுவது. 1871-இல் ரிச்சர்டு லீச் மேடாக்ஸ் என்னும் ஆங்கில மருத்துவர் இம்முறையை வெளியிட்டார். இன்றும் படச்சுருளில் இருப்பது ஜெலட்டினே. ஒரு தொகுதி ஜெலட்டின் ஒளியை விரைந்து ஏற்பதும் மற்றொன்று மந்தமாக இருப்பதும் ஏன் என்று 1920-களில் கோடாக் நிறுவனத்தின் சாமுவேல் ஷெப்பர்டு ஆராய்ந்தார். மாடு மேய்ந்த கடுகுச் செடி போன்றவற்றின் கந்தகச் சேர்மமே காரணம் என்று கண்டார். உயிரோடிருந்தபோது அது தின்ற தழை கூடப் படத்தில் வந்து நிற்கிறது!

திண்டுக்கல்லில் வாழ்வோர்க்குத் தோலின் வரலாற்றை எவரும் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. பதனிடும் ஆலைகளின் பக்கம் சென்றால் காற்றே சொல்லிவிடும். தோற்பையை விலக்கிய குடும்பங்களும் படச்சுருளை விலக்கியதில்லை. படச்சுருளுக்கு நாற்றமில்லை என்பதன்றி இதற்கு வேறு காரணம் நமக்குப் புலப்படவில்லை.

"படச்சுருளுக்காக எந்த மாடும் கொல்லப்படுவதில்லை, எஞ்சிய எலும்புதானே" என்பர். எஞ்சியதற்கும் விலை உண்டு. அவ்விலை கொல்லும் தொழிலுக்கு ஊதியமாகச் சேர்கிறது. வாங்குவோர் உளராதலால் விற்போர் உளர் என்பதைக் குறளின் புலான்மறுத்தல் அதிகாரம் முன்பே தெளிவாக்கிவிட்டது. செய்தல், செய்வித்தல், உடன்படுதல் என்னும் மூன்றனுள் நம் பங்கு சிறியதாயினும் இல்லையாகிவிடாது.

எனினும் முன்னோரைக் குறை கூறுதல் பொருந்தாது. இல்லறத்தார் சங்கல்ப இம்சையை அறவே விலக்கவும், வாழ்க்கைத் தேவையில் நேர்வதைக் குறைத்துக்கொள்ளவும் கடமைப்பட்டவர். உதகமண்டலத்தில் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ஆலை 1967 முதல் 'இந்து' படச்சுருளையும் எக்ஸ்ரே படலத்தையும் செய்துவந்த காலத்தில், மூதாட்டியின் முகத்தைப் பேரனுக்குக் காட்டவும், முறிந்த எலும்பை மருத்துவர்க்குக் காட்டவும் வேறு வழி இருந்ததில்லை. அவ்வாலை மூடப்பட்டுவிட்டது, வேறு வழியும் வந்துவிட்டது. இன்று பொழுதுபோக்கிற்காக அறிந்தே புதிய சுருள் வாங்குவதைத் தேவையின் கணக்கில் எழுத நாம் உடன்படவில்லை.

அவ்வாறாயின் டிஜிட்டல் கேமரா குற்றமற்றதா? 1975-இல் கோடாக் நிறுவனத்தின் ஸ்டீவன் சாசன் செய்த முதற்கருவி தொட்டு, அங்கு ஒளியை ஏற்பது சிலிக்கான் சில்லு, எலும்புக்கு இடமில்லை. ஆனால் அக்கருவியால் எடுத்த திருமணப் படத்தைக் கலர் லேபில் கொடுத்து அச்சிட்டால், அங்குள்ள வெள்ளி உப்புத் தாளில் அதே ஜெலட்டின் காத்திருக்கிறது. ஆல்பம் அடிப்போர் இதனைக் கேட்டறிதல் நலம். மேலும், ஈராண்டுக்கொரு முறை புதிய மாதிரி வாங்கி, ஓடுகின்ற பழையதை எறிவது மிகுபொருள் விரும்பாமை என்னும் விரதத்திற்கு எவ்வாறு இயையும்? கனிமம் தோண்டுமிடத்திலும் கழிவு எரியுமிடத்திலும் உயிர்கள் உள.

ஆகவே, கையிலிருப்பதைப் பழுது நீக்கி நெடுங்காலம் ஆளுவதே தக்கது. பழைய ஒற்றை லென்ஸ் கேமராவின் கழற்றக்கூடிய லென்சை, ஒரு வளையத்தின் துணையால், கண்ணாடியில்லா டிஜிட்டல் கேமராக்களில் பொருத்தலாம். தந்தையின் லென்ஸ் பயன்படும், சுருள் தேவைப்படாது. ஆக்ஃபா கிளிக் போன்ற பெட்டிக் கேமராவிற்கு இவ்வழி இல்லை. அதனைத் துடைத்து வைத்துப் போற்றலாம்.

பழுது நீக்குவதிலும் ஒரு நுட்பம் உண்டு. லென்சினுள் சிலந்தி வலைபோல் படரும் பூசணம் ஓர் உயிர். ஓருடலில் எண்ணிறந்த உயிர்கள் உறைவதாக நம் நூல்கள் கூறும் வகையினது. மருந்திட்டுத் துடைப்பவன் அதனைக் கொல்கிறான். துடைக்காவிடினோ அது கண்ணாடியையே அரிக்கும். வருமுன் காப்பதே இங்கும் வழி. நீரை வடிகட்டிப் பருகும் நமக்கு இது புதிதன்று. ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும் தோலுறையிலிருந்து கேமராவை எடுத்துவிட வேண்டும். சிலிக்கா ஜெல் பொட்டலத்துடன் காற்றுப்புகாத டப்பாவில் வைத்து, அடிக்கடி வெளியே எடுத்துப் பயன்படுத்தவும் வேண்டும். திண்டுக்கல் சமவெளியின் வறட்சி இதற்குத் துணை. வடகிழக்குப் பருவத்தில்தான் விழிப்பு வேண்டும்.

பழநிக்கு மேற்கே ஐவர்மலையாகிய திருவயிரையில் ஒரு கல்வெட்டு உள்ளது. சக ஆண்டு 792, அதாவது கி.பி. 870-இல், குணவீரக் குரவடிகளின் மாணாக்கர் சாந்திவீரக் குரவர் பார்சுவ பட்டாரகரையும் இயக்கியரையும் புதுக்கி, அவிக்கும் ஓர் அடிகளின் உணவுக்குமாக 505 காணம் அமைத்த செய்தி அதிலுள்ளது. புதிதாகச் செய்வித்ததை அன்று, இருந்ததைப் புதுக்கியதையே அக்கல் நினைவில் வைத்திருக்கிறது. அத்தகைய எழுத்துகளையும் திருவுருவங்களையும் படமெடுப்போர்க்குச் சாய்வொளி வேண்டும். கோணம் பிழைத்ததா என்பதைப் படச்சுருளில் ஊர் திரும்பிய பின்னரே அறிய முடிந்தது; டிஜிட்டலில் அங்கேயே கண்டு, வெயில் மாறுமுன் மீண்டும் எடுக்கலாம்.

வீட்டிலுள்ள பழைய நெகட்டிவ்களை என்செய்வது என்று சிலர் வினவக்கூடும். அவற்றை எரிப்பதால் எவ்வுயிரும் மீளாது. அவற்றின் ஜெலட்டினும் பூசணத்திற்கு உணவே. ஆதலின் ஐப்பசி மழைக்கு முன் எடுத்துப் பார்த்து, உலர்ந்த உறையில் மாற்றி, டிஜிட்டல் படியொன்று எடுத்துக்கொள்ளலாம்.