பத்திரம் இல்லாதவர்களின் நிலம்

பெத்லகேமுக்குத் தென்மேற்கே, நஹாலின் கிராமத்துக்குப் பக்கத்தில் ஒரு குன்றின் மேல் இருக்கிறது நாசர் குடும்பத்தின் நிலம். சுமார் 100 ஏக்கர். திராட்சை, ஒலிவம், பாதாம். சுற்றியுள்ள குன்றுகளில் இஸ்ரேலியக் குடியேற்றங்கள். 1916-ல் இந்த நிலத்தை வாங்கிய தாத்தா, அன்றைக்குப் பெரும்பாலான விவசாயிகள் செய்யாத ஒரு வேலையைச் செய்தார். நிலத்தை முறையாகப் பதிவு செய்தார். மற்றவர்கள் செய்யாததற்குக் காரணம் இருந்தது. பதிவேட்டில் பேர் ஏறினால் வரி வரும், பையனைப் பட்டாளத்துக்குப் பிடித்துக்கொண்டு போவார்கள். நியாயமான பயம்தான். யாருடைய நிலம் எந்தக் கல் வரைக்கும் என்று ஊருக்கே தெரியும், அதுக்கு எதுக்குக் காகிதம்?

1991-ல் இஸ்ரேலிய ராணுவ நிர்வாகம் அதை 'அரசு நிலம்' என்று அறிவித்தது. குடும்பம் உஸ்மானியர் காலத்துப் பத்திரங்களையும் பிரிட்டிஷ் காலத்துப் பதிவுகளையும் எடுத்துக்கொண்டு ராணுவ நீதிமன்றத்துக்குப் போனது, பிறகு உச்ச நீதிமன்றத்துக்கு. முப்பது ஆண்டுகளைத் தாண்டி நீண்ட வழக்கு அது.

இந்தக் கதையை நண்பர்களிடம் சொல்லும்போதெல்லாம் உடனே ஒரு கேள்வி வருகிறது. "அதான் பத்திரம் இருக்கே, அப்புறம் என்ன பிரச்சினை?" அக்கறையோடு கேட்பதுதான். ஆனால் என்னை உறுத்துவது இந்தக் கேள்விதான். பத்திரம் இல்லையென்றால் பிரச்சினை வேறு மாதிரி ஆகிவிடுமா?

கொஞ்சம் சட்டத்துக்குள் போக வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். 1979-ல் எலோன் மோரே வழக்கில், ராணுவத் தேவை என்ற பெயரில் தனியார் நிலத்தை எடுத்துக் குடியேற்றம் கட்டியதை இஸ்ரேலிய உச்ச நீதிமன்றம் ஏற்க மறுத்தது. அரசு அதற்காக ஓய்ந்துவிடவில்லை. 1858-ன் உஸ்மானிய நிலச்சட்டத்தைத் தூசி தட்டி எடுத்தது. அந்தச் சட்டப்படி, பத்து ஆண்டு தொடர்ந்து பயிரிட்டவருக்கு நிலத்தில் பாத்தியதை உண்டு. மூன்று ஆண்டு தரிசாகப் போட்டால் அதை இழக்க நேரிடும். சுல்தானுக்கு வேண்டியிருந்தது வரி. நிலம் சும்மா கிடக்கக் கூடாது, ஒருத்தன் உழாவிட்டால் இன்னொருத்தன் உழட்டும் என்பதுதான் அவர் கணக்கு. விவசாயியை உழ வைக்க எழுதிய சட்டம், நூறாண்டு கழித்து விவசாயியை வெளியேற்றும் கருவியானது. பாறையும் சரிவுமான மேட்டில் யாராலும் முழுசாக உழ முடியாது. வானிலிருந்து எடுத்த புகைப்படத்தில் உழுத மண்ணும் உழாத மண்ணும் அளக்கப்படும். நிரூபிக்கும் பொறுப்பு விவசாயியுடையது. மேல்முறையீடு செய்ய 45 நாள்.

இதில் ஒரு கொடூரமான நகைச்சுவையும் உண்டு. ஜோர்டான் ஆட்சியில் முறையான நிலப் பதிவு நடந்துகொண்டிருந்தது. 1967 போர் வந்தபோது மேற்குக் கரையின் மூன்றில் ஒரு பங்கு நிலம்தான் பதிவாகியிருந்தது. 1968-ல் ஒரு ராணுவ ஆணை அந்தப் பணியையே நிறுத்திவைத்தது. பதிவை நிறுத்தியவர்களே பிற்பாடு வந்து கேட்டார்கள்: உங்க பதிவு எங்கே?

அப்படியென்றால் அந்த நீதிமன்றத்துக்குப் போவது சரியா? ஆக்கிரமித்தவனின் மேசைக்கு முன்னால் மனுவோடு நிற்பது, அந்த மேசைக்கு அதிகாரம் உண்டு என்று ஒப்புக்கொள்வதாகாதா? இந்தக் கேள்வி பொய்யில்லை. ஆனால் அதை ஆயிரக்கணக்கான மைல் தள்ளி உட்கார்ந்து கேட்பது ரொம்பச் சுலபம். 45 நாள் பேசாமல் இருந்தால் அந்த மௌனத்தை யாரும் எதிர்ப்பு என்று பதிவு செய்யப் போவதில்லை, ஆட்சேபணை இல்லை என்றுதான் கோப்பில் ஏறும். தூய்மையாக நிற்க வேண்டும் என்ற சுமையை நிலம் இழப்பவன் தலையில் ஏற்ற எனக்கு மனம் வரவில்லை.

அவர்கள் கொடுக்கும் விலை வேறு. அந்த மேசையில் நிலத்தைப் பற்றி ஒரே ஒரு மொழியில்தான் பேச முடியும். தாத்தா அந்தக் குகையில் வாழ்ந்தார், இந்தத் தொட்டியில் மழைநீர் சேர்த்தோம் என்பதெல்லாம் அங்கே பின்னணித் தகவல். வரைபடம், எல்லை, முத்திரை, தேதி, இவைதான் பேச்சு. இவர்களிடம் அவை இருந்தன. பக்கத்துக் குன்றுக்காரனிடம் இருந்தது அப்பன் அடுக்கிய கல்வரிசை மட்டும். இவர்கள் ஜெயித்தால் அவனுக்கு என்ன ஆகும்? பத்திரம்தான் நிலம் என்ற விதி இன்னும் கொஞ்சம் உறுதிப்படும். அதற்காக இவர்கள் தோற்க வேண்டும் என்று யாராவது சொல்ல முடியுமா? முடியாது.

சிக்கல் அவர்களிடம் இல்லை, நம்மிடம். நமக்கு இந்தக் குடும்பத்தை ஏன் இவ்வளவு பிடிக்கிறது? பத்திரம் வைத்திருக்கிறார்கள், வன்முறை வேண்டாம் என்கிறார்கள், வாசலில் 'எதிரிகளாக இருக்க மறுக்கிறோம்' என்று பல மொழிகளில் கல்லில் எழுதி வைத்திருக்கிறார்கள். மேற்கின் தேவாலயங்களிலிருந்து தன்னார்வலர்கள் வந்து அறுவடைக்கு உதவுகிறார்கள். எல்லாம் மதிக்க வேண்டியவைதான். ஆனால் கோபமாகப் பேசுகிற, காகிதம் இல்லாத, ஆங்கிலம் தெரியாத ஒருவனின் தோட்டத்தில் புல்டோசர் நுழைந்தால் நாம் இதே அக்கறையோடு படிப்போமா? பாதிக்கப்பட்டவன் தேர்ச்சி பெற்றால்தான் நம் இரக்கம் என்றால், நாமும் ஒரு சின்ன மேசை போட்டு உட்கார்ந்திருக்கிறோம் என்றுதானே அர்த்தம்?

இத்தனைத் தகுதியும் அவர்களைக் காப்பாற்றவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். கட்டட அனுமதி கிடைக்காததால் குகைகளிலும் கூடாரங்களிலும் புழங்குகிறார்கள். அவற்றுக்கும் இடிப்பு ஆணை வந்திருக்கிறது. மின் இணைப்பு இல்லை, சூரியத் தகடு. குழாய் இல்லை, மழைத் தொட்டி. 2014 மே மாதம், மேல்முறையீடு நிலுவையில் இருக்கும்போதே, ராணுவ புல்டோசர்கள் வந்து பழ மரங்களைப் பிடுங்கிப் போட்டன. குடும்பத்தின் கணக்கில் சுமார் 1500 மரங்கள். பழம் பறிக்க இன்னும் சில வாரங்களே இருந்தன. அரசு நிலத்தில் அத்துமீறி நட்டவை என்பது ராணுவம் சொன்ன காரணம்.

பிறகு அதே மண்ணில் மறுபடியும் கன்று நட்டார்கள். வழக்கறிஞருக்குப் புதுசாக ஒரு மனு எழுத வேண்டியிருந்தது.