போசன வேளையும் தொலைக்காட்சியும்



திருஞானசம்பந்தமூர்த்திநாயனார் மூன்று வயசுப் பிள்ளையாய்ச் சீகாழித் தீர்த்தக்கரையிலே நின்று அழுதருளியபோது, தந்தையாராகிய சிவபாதவிருதயர் நீரினுள்ளே மூழ்கியிருந்தார். பிள்ளையார் திருத்தோணிச் சிகரத்தை நோக்கி, அம்மையையும் அப்பனையும் ஒருங்கே அழைத்து அழுதார். அவ்வழுகைக்கு இரங்கிய சிவபெருமான் பாலூட்டும்படி பணித்தருள, உமாதேவியார் சிவஞானத்தைப் பாலிலே குழைத்துப் பொற்கிண்ணத்திலே ஊட்டியருளினார். இச்சரித்திரத்தை வகுப்பிலே சொல்லாத ஆசிரியர் நம்முள் இலர். சொல்லும்போது பாலை விரித்துரைப்போம், ஞானத்தை விரித்துரைப்போம். பணித்தவர் ஒருவர், ஊட்டியவர் ஒருவர், இருவருக்குங் கருத்து ஒன்று என்பதை மாத்திரம் விரைந்து கடந்துபோவோம். நாமும் பல வருஷம் அப்படியே கடந்துபோனோம். அங்கே நின்று சிந்திக்கும்படி எம்மைச் செய்தது, நாம் செய்த ஒரு பிழை.

ஒருநாள் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் போசனவிதி கற்பித்தோம். கைகால் சுத்திசெய்தல், விபூதி தரித்தல், சிவபெருமானைச் சிந்தித்து உண்ணல், சிந்தாது உண்ணல் என்பவற்றைச் சொல்லி முடித்தபின், "தொலைக்காட்சி பார்த்துக்கொண்டு உண்பவர் யாவர்? கையை உயர்த்துங்கள்" என்றோம். ஏறக்குறைய எல்லாக் கைகளும் உயர்ந்தன. "அஃது அன்னத்தை அவமதிக்கும் பாவம்" என்றோம். மணி அடித்தது, எழுந்து போயினோம்.

மறுநாட் காலையிலே ஒரு தாய் பாடசாலைக்கு வந்தார். அவர் கந்தோரிலே வேலை செய்பவர். மாலை ஐந்து மணிக்கு வீடு சேர்ந்து, சமைத்து, இளைய பிள்ளைக்கு ஊட்டவேண்டும். அப்பிள்ளைக்கு மூன்று வயசு. தொலைக்காட்சியிலே பொம்மைப் படம் ஓடினாலன்றி அது வாய் திறவாது. கணவருக்கோ அது பிடியாது. இவ்வழக்கு அவ்வீட்டிலே ஒரு வருஷமாக இராச் சாப்பாட்டோடு கூடவே நடந்துவந்தது. அன்றிரவு மூத்த பிள்ளை, "அம்மா, நீங்கள் செய்வது பாவமென்று வாத்தியார் சொன்னார்" என்றது. தந்தை அச்சொல்லைக் கோலாக எடுத்துக்கொண்டு, "பிள்ளைக்குத் தெரிந்ததும் உமக்குத் தெரியவில்லையே" என்று சொல்லித் தொலைக்காட்சியை நிறுத்தினார். இளையது வீரிட்டு அழுதது. தாய் கோப்பையை வைத்துவிட்டு எழுந்து போனார். அன்றிரவு அவ்வீட்டிலே ஒருவரும் உண்ணவில்லை. தன் சொல்லினாலேயே இவ்வளவும் விளைந்ததென்று எண்ணிய மூத்த பிள்ளை, காலையிலும் ஒன்றும் பேசாமலே புறப்பட்டு வந்ததாம்.

"ஐயா, நீங்கள் சொன்னது பொய்யன்று. அதை என்னிடத்திலே சொல்லியிருக்கலாம். என் பிள்ளையின் வாயிலே வைத்து எனக்கு அனுப்பினீர்களே" என்றார் அத்தாய். எமக்கு விடை எழவில்லை.

தொலைக்காட்சி தன்னளவிலே தீயதன்று. இலங்கையிலே 1979ஆம் வருஷத்திலே அது தொடங்கியது. 1982இலே ரூபவாஹினி வந்தது. அதனால் நாம் பெற்ற செய்தியும் கல்வியுஞ் சிலவல்ல. இன்று அது கைத்தொலைபேசியினுள்ளே புகுந்து, குழந்தையின் கோப்பைக்கு ஒரு சாண் தூரத்திலே வந்து நிற்கின்றது. ஒரு படம் முடியுமுன் மற்றொன்று தானே தொடங்குகின்றது. நிறுத்துதற்கு ஓர் இடம் வைக்கப்படவில்லை என்பதே இக்கருவியின் பெரிய குற்றம்.

உலக சுகாதார நிறுவனம் 2019இலே வெளியிட்ட நெறியிலே, இரண்டு வயசு நிறையாத பிள்ளைகளுக்குத் திரை வேண்டாமென்றும், இரண்டு முதல் நான்கு வயசு வரையுள்ளோருக்கு நாளொன்றுக்கு ஒரு மணிநேரத்துக்கு மேற்படலாகாதென்றுஞ் சொல்லியிருக்கின்றது. வயிறு நிறைந்தமை மூளைக்கு உணர்த்தப்படுதற்கு ஏறக்குறைய 20 நிமிஷஞ் செல்லுமென்பர் வைத்தியர். படத்திலே மனம் வைத்த பிள்ளைக்கு அவ்வுணர்த்துகை வந்துந் தெரியாது. இதனையே நம் சித்தாந்தம் வேறு விதமாகச் சொல்லும். கண்ணும் நாவும் சடமாகிய கருவிகள். ஆன்மா பொருந்தியபோதன்றி அவை ஒன்றையும் அறியா. ஆன்மாவோ சார்ந்ததன் வண்ணமாவது. ஆகவே அப்பிள்ளையினுடைய வாய் திறக்கின்றது, சோறு இறங்குகின்றது. உண்பவன் அங்கே இல்லை.

நம்மூர்த் தாய்மார் குழையல்சோறு கொடுக்கும் முறையை நினைத்துப் பாருங்கள். சோற்றையுங் கறிகளையும் ஒரு சட்டியிலே குழைத்து, சுற்றியிருக்கும் பிள்ளைகளின் உள்ளங்கையிலே முறையாக ஒவ்வொரு திரளை வைப்பார்கள். தனக்கு மறுதிரளை வருமுன் தம்பிக்கு ஒன்று போகவேண்டுமென்று பிள்ளை அங்கே கற்கும். போதுமென்று கையை மூடவும் அங்கேயே கற்கும். அன்றைக்கு எவன் அடிபட்டான், எவள் பாட்டுப் பாடமாக்கவில்லை என்பதெல்லாந் தாய்க்குத் தெரியவருவதும் அந்தச் சட்டியின் முன்னேதான். உண்ணும்போது பேசலாகாதென்னும் விதியை அறிவோம். பெரியோருக்கு அது தகும். குழந்தைகளிடத்திலே அவ்விதியை இறுக்கிப்பிடிக்க எமக்கு மனமில்லை.

1990ஆம் வருஷந்தொடங்கிச் சில வருஷங்கள் யாழ்ப்பாணத்திலே மின்சாரம் இல்லாதிருந்தது. ஜாம் போத்தலிலே திரியிட்டுச் சிறிதளவு மண்ணெண்ணெய் வார்த்து எரித்த அவ்விளக்கைச் சூழ இருந்து உண்டோம். அக்காலம் மீண்டும் வரவேண்டுமென்று புத்தியுள்ள எவரும் பிரார்த்தியார். வேறு வெளிச்சம் இல்லாமையால் நாம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம் என்பது மாத்திரம் உண்மை. அக்காலத்துப் பிள்ளைகளே இக்காலத்துத் தாய்தந்தையர். தாம் அடைந்த இருளைத் தம் பிள்ளைகள் அடையலாகாதென்று வீடு நிறைய ஒளியும் ஒலியும் வைத்திருக்கின்றார்கள். அவர்களை வையுமுன் இதனையும் நினைத்தல் வேண்டும்.

நாம் சிறுவயசிலே கிறிஸ்துசமயத்தார் நடாத்தும் ஒரு கல்லூரியின் விடுதியிலே தங்கிக் கற்றோம். போசனசாலையிலே எல்லாரும் எழுந்து நிற்க, ஒருவர் செபஞ் சொல்லி முடிக்குமளவும் எவனுங் கோப்பையிலே கைவைத்தல் கூடாது. சைவப்பிள்ளைகள் நாவினுள்ளே பஞ்சாக்ஷரத்தைச் செபித்துக்கொண்டு நிற்போம். விடுமுறைக்கு வீட்டுக்கு வந்தபோது அந்த அரைநிமிஷந்தானும் நம் வீட்டிலே இல்லாமையைக் கண்டு நாணினோம். நாவலரவர்கள் மிஷன் பாடசாலையிலே கற்றுங் கற்பித்தும், அங்கே கண்டவற்றுள் நல்லனவற்றை 1848இலே வண்ணார்பண்ணையிலே தாபித்த சைவப்பிரகாச வித்தியாசாலைக்குக் கொண்டுவந்தார்கள். நமக்கோ புதிதாய்க் கொண்டுவர வேண்டுவதொன்றுமில்லை. நம் நூல்களிலே உள்ள அரைநிமிஷத்தை நம் அடுக்களைக்குக் கொண்டுவந்தாற் போதும்.

அத்தாய் சொன்ன வழக்கிலே யார் பக்கம் நியாயம்? குழந்தை உண்ணும் வேளையிலே திரை வேண்டாமென்பதிலே தந்தை சொன்னது சரி. ஆயினும் அவருடைய பிழையே பெரிதென்பது எம் கருத்து. ஒரு வருஷமாக வேண்டாம் வேண்டாம் என்றவர், ஒருநாளாவது அப்பிள்ளைக்கு ஒரு பிடி சோறு ஊட்டினாரல்லர். தம்முடைய எட்டுமணிச் செய்தியை நிறுத்தினாருமல்லர். இளையான்குடிமாறநாயனார் வீட்டிலே நள்ளிரவிலே அடியாருக்கு அமுது வேண்டியபோது, அன்று விதைத்த நெல்லை வாரிவரலாமென்று வழி சொன்னவர் மனைவியார். மழையிலும் இருளிலும் வயலுக்குப் போனவர் நாயனார். அடுப்பெரிக்க விறகில்லையென்று அம்மையார் சொல்ல, நாயனார் கூரையின் வரிச்சுக்களை அறுத்துக் கொடுத்தார். அம்மையார் வேலை செய்ய, நாயனார் திண்ணையிலிருந்து விதி சொல்லவில்லை.

ஆசிரியர்களாகிய நாம் இவ்விஷயத்திலே பிள்ளைகளைக் கையுயர்த்தச் சொல்லாதிருப்போமாக. ஏழுவயசுப் பிள்ளையைத் தாய்தந்தையருக்கு நீதிபதியாக்கும் அதிகாரம் நமக்கு எவருந் தரவில்லை. பெற்றோர் கூட்டத்திலே இருவரையும் ஒருங்கே வைத்துப் பேசலாம். தாயை மாத்திரம் அழைத்துச் சொல்வதிற் பயனில்லை. பெரும்பாலும் அவரே வருவார், அவரே குற்றவாளியுமாவார். தந்தை வரக்கூடிய நாளைத் தெரிந்து கூட்டம் வைத்தல் நன்று. கருத்து வேறுபட்டால் அதைச் சோற்றுக்கு முன்னே தீர்க்க வேண்டா என்பதையும், தீருமளவும் பிள்ளை காதிலே விழவேண்டா என்பதையும் அங்கே சொல்லலாம்.

நாம் அவ்வீட்டுக்கு ஒரு ஞாயிறு மாலை போனோம். மூத்த பிள்ளையை அழைத்து, "வாத்தியார் அன்று பாதிதான் சொன்னேன். உன் அம்மா பாவஞ் செய்யவில்லை, களைத்துப் போயிருந்தார்" என்று தாய்தந்தையர் கேட்கச் சொன்னோம். தந்தையை நோக்கி, அன்றிரவு நீங்கள் ஊட்டுங்கள் என்றோம். அவர் நகைத்தார், பின் இசைந்தார்.

முதல் மூன்று நாள் இளையது நாலு வாய்க்குமேல் உண்ணவில்லையாம். தாய்க்கு நெஞ்சு பொறாமல் கை தொலைக்காட்சிப் பக்கம் போக, "இன்னும் ஒரு திரளை பார்ப்போம்" என்று தந்தை தடுத்தாராம். ஒரு மாதஞ் சென்று மீண்டும் போனோம். செய்தி கோப்பைகள் கழுவியபின் கேட்கப்படுகின்றது. மூத்தவன் விபூதி எடுத்துத் தம்பிக்குஞ் சாத்தி, கண்மூடி இருத்திவிட்டுத் தானே முதற்றிரளையை அவன் கையிலே வைக்கின்றான். கத்தரிக்காயை மாத்திரம் இருவருந் தொடுவதில்லை. அதனைக் கட்டாயப்படுத்தலாமா என்பதிலே தாய்தந்தையருக்கு இன்னுங் கருத்து ஒன்றாகவில்லை. அவ்வழக்கு பிள்ளைகள் நித்திரைபோனபின் நடக்கின்றதென்று அறிகின்றோம்.

திருச்சிற்றம்பலம்.